திறந்த தாரை பில்லெட் வார்ப்பில் மோல்ட் எண்ணெய் சீராகப் பரவாததால் வந்த கோளாறு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மூன்று ஸ்ட்ராண்ட் (தனித்தனி வார்ப்பு வரிசை) கொண்ட, உருகிய எஃகை நிறுத்தாமல் வார்க்கும் தொடர் வார்ப்பு எந்திரம் அது. 130 மி.மீ. சதுர பில்லெட் (நீண்ட எஃகுக் கட்டை) வார்க்கும். பெரும்பாலும் கட்டுமானக் கம்பிக்கான எஃகுதான், கார்பன் 0.20 விழுக்காட்டை ஒட்டியது. ஸ்ட்ராண்டுகளுக்கு எஃகைப் பிரித்துவிடும் தொட்டியான டண்டிஷிலிருந்து எஃகு மூடிய குழாய் வழியாக இறங்காது. அளவு நாசிலிலிருந்து (ஓட்டத்தின் அளவைத் தீர்மானிக்கும் துளை) நேரே தாரையாக மோல்டுக்குள் விழும். வார்ப்பு வேகம் நிமிடத்துக்கு 2.8 மீட்டர். மோல்ட் என்பது எஃகு உறையத் தொடங்கும் அச்சு, 1,000 மி.மீ. நீளமுள்ள செம்புக் குழாய். உட்பக்கம் குரோமியப் பூச்சு, வெளியே வேகமாக ஓடும் தண்ணீர்.

திறந்த தாரையில் மோல்ட் பவுடர் (எஃகின் மேல் உருகி உராய்வைக் குறைக்கும் தூள்) போட முடியாது. விழும் தாரை பவுடரை எஃகுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் உராய்வைக் குறைக்க எண்ணெய்தான். இங்கே பயன்படுத்தியது ரேப்சீட் எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட மோல்ட் ஆயில். ஒவ்வொரு ஸ்ட்ராண்டுக்கும் தனி பிஸ்டன் பம்ப். நிமிடத்துக்கு 35 மி.லி. என்று வைத்திருந்தார்கள். பம்பிலிருந்து வரும் எண்ணெய், மோல்டின் தலையில் உள்ள எண்ணெய்த் தட்டின் வாய்க்காலில் நிரம்பி, தட்டுக்கும் செம்புக் குழாய்க்கும் இடையிலுள்ள மெல்லிய இடுக்கு வழியாக வழிந்து நான்கு சுவர்களிலும் இறங்க வேண்டும். வரைபடப்படி இடுக்கு 0.4 மி.மீ.

நான் அப்போது தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். இந்த ஆய்வு ஷிஃப்ட் பதிவேடுகள், பராமரிப்பு வேலைத்தாள்கள், பில்லெட் அளவுகள், கூடவே இருந்து பார்த்தவை ஆகியவற்றிலிருந்து எழுதியது. ஆட்களின் பெயரும் ஆலையின் பெயரும் இதில் தேவையில்லை.

எண்ணெய் அங்கே என்ன செய்கிறது

நடந்ததைப் புரிந்துகொள்ள இதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

உறையத் தொடங்கும் எஃகு செம்புச் சுவரில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்குத்தான் மோல்ட் மேலும் கீழும் அசைகிறது. 1933இல் ஜெர்மனியில் சீக்ஃப்ரீட் யுங்கான்ஸ் காப்புரிமை பெற்ற அந்த ஏற்பாடு இல்லாமல் எஃகுத் தொடர் வார்ப்பு தொழிலாகவே வளர்ந்திருக்காது. ஆனால் அசைவு மட்டும் போதாது. எஃகின் மேல்மட்டத்தை ஒட்டிய இடத்தில் இடையில் ஏதாவது ஒரு படலம் வேண்டும். எண்ணெய் அங்கே இறங்கும்போது சுவர் கடுஞ்சூட்டில் இருக்கும். ஒரு பகுதி மேலேயே ஆவியாகித் தீப்பிடிக்கும். மீதி மட்டத்துக்கு இறங்கி, சிதைந்து, கரியாகவும் ஹைட்ரஜன் மிகுந்த வாயுவாகவும் மாறும்.

பலர் கவனிக்காத இடம் இதுதான். ஹைட்ரஜன் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் வாயு. எஃகு ஓட்டுக்கும் (முதலில் உறையும் வெளித்தோல்) செம்புக்கும் இடையிலுள்ள நூலிழை இடைவெளியில் அந்த வாயு நிறைந்தால் அந்தச் சுவர் வேகமாக வெப்பத்தை இழுக்கும்; நிறையாத சுவர் அவ்வளவு இழுக்காது. ஆக, எண்ணெய் வழுக்கலுக்கு மட்டுமல்ல, குளிர்ச்சிக்கும் பொறுப்பு. ஒரு சுவரில் எண்ணெய் இருந்து எதிர்ச்சுவரில் இல்லை என்றால் ஒரு பக்கம் ஓடு தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் உறையும். பில்லெட் சதுரம் கெட்டுச் சாய்சதுரமாகும். தொழிற்சாலையில் இதை ‘டயமண்ட்’ என்பார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரிமகோம்பும் இலங்கையில் பிறந்த இந்திரா சமரசேகராவும் பில்லெட் மோல்டுகளைப் பற்றிச் செய்த ஆய்வுகள், மோல்டின் வெப்பநிலை, வடிவக்குறை, விரிசல் ஆகியவை ஒன்றோடொன்று எப்படிப் பின்னியிருக்கின்றன என்பதை விளக்கியவை. இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் எங்காவது ஒரு பயிற்சியில் அவற்றைத் தொட்டிருப்பார்கள். தொட்டது ஷிஃப்டில் நினைவுக்கு வருவது வேறு விஷயம்.

முதலில் தென்பட்டவை

முதல் புகார் உருட்டாலையிலிருந்து வந்தது. சில பில்லெட்டுகள் முதல் ஸ்டாண்டில் (உருளை ஜோடியில்) நுழையும்போது முறுக்கிக்கொள்கின்றன என்றார்கள். மூலைவிட்டங்களை அளந்து பார்த்தால், ஒன்றாம் மூன்றாம் ஸ்ட்ராண்டுகளில் இரண்டு மூலைவிட்டங்களுக்கும் வித்தியாசம் 2 முதல் 3 மி.மீ.; இரண்டாம் ஸ்ட்ராண்டில் 7, 8 மி.மீ. ஆலை வைத்திருந்த வரம்பு 4 மி.மீ. அரிப்புச் சோதனை (அமிலத்தால் அரித்துப் பார்ப்பது) செய்த துண்டுகளில் விரிகோண மூலைகளின் அருகே உள்விரிசல்களும் தெரிந்தன.

அடுத்து பிரேக்அவுட். மோல்டுக்குக் கீழே ஓடு கிழிந்து எஃகு கொட்டியது, இரண்டாம் ஸ்ட்ராண்டில் மட்டும். கொஞ்ச நாள் கழித்து அதே ஸ்ட்ராண்டில் மறுபடியும். இரண்டாவது முறை, மோல்டிலிருந்து வெளியே எடுத்த ஓட்டை வெட்டித் தள்ளிவிடாமல் ஒரு ஃபோர்மேன் எடுத்து வைத்திருந்தார். நல்ல வேலை. இடப்பக்கச் சுவர் முழுக்க அலைத்தடங்கள் (மோல்டின் அசைவு ஓட்டில் விடும் கோடுகள்) ஆழமாகவும் கோணலாகவும் இருந்தன. இடையிடையே ஓடு கிழிந்து, உள்ளிருந்து எஃகு கசிந்து மேலே மடிந்து உறைந்த தழும்புகள். வலப்பக்கம் தடங்கள் மெல்லியவை, ஒழுங்கானவை. இடப்பக்கம் தெரிந்தது சுவரில் ஒட்டிக் கிழிந்த ஓட்டின் அடையாளம். எந்த முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று அவர் சாக்பீஸால் குறித்து வைக்காமல் இருந்திருந்தால் இந்த ஒப்பீடே கிடைத்திருக்காது.

முதல் சுற்று முடிவுகள்

கூட்டத்தில் நான்கு காரணங்கள் பேசப்பட்டன. நான்குமே நியாயமானவை.

டண்டிஷ் வெப்பநிலை 1,555 டிகிரி வரை போய்க்கொண்டிருந்தது. இந்த எஃகின் உறைநிலைத் தொடக்கம் 1,512ஐ ஒட்டி என்பதால் நாற்பது டிகிரிக்கு மேல் அதிகச் சூடு. ஓடு மெலிய அது ஒரு காரணமாகலாம். 1,540க்கு இறக்கினார்கள். அதற்குக் கீழே போனால் அளவு நாசில் அடைத்துக்கொள்ளும் பயம்.

ஆஸிலேஷனை, அதாவது மோல்டின் மேல்கீழ் அசைவைச் சரிபார்த்தார்கள். மேலிருந்து கீழ்வரை மொத்த வீச்சு 10 மி.மீ., நிமிடத்துக்கு 180 அசைவு. 2.8 மீட்டர் வேகத்தில் கணக்குப் போட்டால், மோல்ட் பில்லெட்டைவிட வேகமாகக் கீழிறங்கும் நேரம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 0.11 விநாடி. பில்லெட்டுக்கு வழக்கமான அளவுதான். மூன்று ஸ்ட்ராண்டுக்கும் ஒன்றே. இதை ஓரம் வைத்தார்கள்.

மோல்ட் தண்ணீரில் குறை தெரியவில்லை. உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் மற்ற ஸ்ட்ராண்டுகளைப் போலவே இருந்தது. அது நான்கு சுவர்களும் சேர்ந்த கணக்கு. ஒரு சுவர் கூடுதலாக இழுத்து எதிர்ச்சுவர் குறைவாக இழுத்தால் அந்த எண்ணில் ஒன்றும் தெரியாது. அன்று அதை யாரும் சொல்லவில்லை.

கடைசியாக, செம்புக் குழாய் தேய்ந்திருக்கலாம் என்று மோல்ட் முழுவதையும் மாற்றினார்கள். மாற்றிய பிறகு முதல் சில ஹீட்டுகளில் (ஹீட் என்பது ஒரு முறை உருக்கிய எஃகு) மூலைவிட்ட வித்தியாசம் 4 மி.மீ.க்குக் கீழே வந்தது. பழைய குழாய்தான் குற்றவாளி என்று எல்லோரும் நிம்மதியானார்கள். அந்த வாரம் முடிவதற்குள் 6க்கு ஏறிவிட்டது. இன்னொரு மோல்ட் மாற்றப்பட்டது. அதே கதை, முதலில் நல்லது, பிறகு கெட்டது. கழற்றிய மோல்டுகளின் டேப்பரை (கீழே போகப்போகக் குறுகும் அளவை) அளந்தபோது இரண்டுமே வரம்புக்குள் இருந்தன.

இந்த ‘சில ஹீட் நன்றாக ஓடிப் பிறகு கெடுவது’ என்ற நடத்தைதான் மொத்த நிகழ்விலும் மிகத் தெளிவான துப்பு. கோளாறு மோல்டோடு நகரவில்லை, ஸ்ட்ராண்டிலேயே தங்கியது. ஆனால் புது மோல்ட் வந்தால் கொஞ்ச நேரம் அடங்கியது. இரண்டையும் சேர்த்து விளக்கும் காரணம் எதுவும் அப்போது மேசையில் இல்லை.

எண்ணெயைக் கூட்டிய பிறகு

ஓடு ஒட்டுகிறது என்றால் எண்ணெய் போதவில்லை என்பது இயல்பான எண்ணம். இரண்டாம் ஸ்ட்ராண்டின் பம்பை 35இலிருந்து 60 மி.லி.க்கு ஏற்றினார்கள். 130 மி.மீ. சதுரத்துக்கு இது தாராளம்.

மோல்டுக்கு மேலே தீ பெரிதாக எழுந்தது. ‘எண்ணெய் நல்லா இறங்குது’ என்பதற்கு அதையே அடையாளமாகச் சொல்லும் பழக்கம் பல ஆலைகளில் உண்டு. உண்மையில் மேலே எரியும் எண்ணெய் கீழே போய்ச் சேராத எண்ணெய். தீ வலப்பக்கம் மஞ்சளாகப் புகையோடு எழும்பியது, இடப்பக்கம் விளிம்பில் ஒரு நீலக் கோடு மட்டும். பதிவேட்டில் ‘தீ அதிகம்’ என்று மட்டும்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் என்று எழுதவில்லை.

டயமண்ட் குறையவில்லை. ஒரு சில ஹீட்டுகளில் 9 மி.மீ. வரை போனது. அதோடு புதுச் சிக்கலும் வந்தது: தோலுக்கு அடியில் பின்ஹோல். பில்லெட்டின் மேற்பரப்பை ஓரிரு மி.மீ. அரைத்தால் ஊசி குத்திய மாதிரி துளைகள், பெரும்பாலும் வலப்பக்க முகத்தில்.

பின்ஹோல் என்றதும் உருக்குப் பிரிவின் மீது கை நீண்டது. ஆக்சிஜன் நீக்கம் சரியில்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு குமிழ்கள் வரும் என்பது உண்மைதான். ஆனால் அதே லேடில் (உருகிய எஃகைக் கொண்டுவரும் கலம்), அதே டண்டிஷிலிருந்து வார்த்த ஒன்றாம் மூன்றாம் ஸ்ட்ராண்டுகளில் பின்ஹோல் மிகக் குறைவு. சிலிக்கனும் மாங்கனீசும் வழக்கமான அளவிலேயே இருந்தன. எஃகு மூன்றுக்கும் பொது. எண்ணெயின் அளவு மட்டும் வேறு. சந்தேகம் எண்ணெய்ப் பக்கம் திரும்பியது இந்த ஒப்பீட்டுக்குப் பிறகுதான்.

தாள் சோதனை

வழி காட்டியவர் மோல்ட் ஷாப்பில் நெடுநாள் வேலை பார்த்த ஒரு ஃபிட்டர். வார்ப்பு முடிந்து மோல்ட் ஆறியிருந்த நேரம். உள்சுவர்களைத் துணியால் சுத்தமாகத் துடைத்தார். உறிஞ்சும் தாளை நான்கு பட்டைகளாக வெட்டி, மேல்விளிம்பிலிருந்து சற்றுக் கீழே ஒவ்வொரு சுவரிலும் ஒன்றாகப் பதித்தார். பம்பை ஓட்டச் சொல்லி, வழிதல் நிலைப்படும் வரை பொறுத்து, டார்ச்சை உள்ளே பிடித்துக் குனிந்து பார்த்தார்.

“சார், பம்ப்பு சரியாத்தான் ஓடுது. ஆனா இந்தப் பக்கம் சுவரு காஞ்சு கெடக்கு, பாருங்க.”

“மீட்டர்ல அறுபது காட்டுதே, அண்ணே.”

“அறுபதும் அந்தப் பக்கம்தான் போவுது.”

வலச்சுவர்த் தாள் நனைந்து கனத்துத் தொங்கியது. அடியில் எண்ணெய் சொட்டியது. மற்ற இரண்டான உள்வளைவு, வெளிவளைவுச் சுவர்களில் வலது பாதி நனைந்திருந்தது, இடது பாதியில் அங்கங்கே திட்டு. இடச்சுவர்த் தாளில் விரல் அகலத்துக்கு இரண்டு கோடுகள், நடுவில் காய்ந்த வெள்ளைத் தாள். ஆய்வகத் தராசில் நிறுத்தபோது, நான்கு தாள்களும் குடித்த எண்ணெயில் பாதிக்கு மேல் வலத்தாளில் இருந்தது. இடத்தாளில் இருந்தது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

ஒன்றாம் மூன்றாம் ஸ்ட்ராண்டுகளிலும் அதே சோதனையைச் செய்தார்கள். அங்கும் நான்கு தாள்களும் சமம் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தச் சுவரும் காய்ந்திருக்கவில்லை.

சரிவும் பிசினும்

எண்ணெய் ஏன் ஒரு பக்கம் போனது?

எண்ணெய்த் தட்டைக் கழற்றியபோது இடப்பக்க இடுக்கில் பழுப்பு நிறத்தில் கடினமான பிசின் படிந்திருந்தது. 0.4 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடு) நுழையவில்லை. சில இடங்களில் 0.1 கூட நுழையவில்லை. வலப்பக்கம் சுத்தம். ரேப்சீட் போன்ற தாவர எண்ணெய்கள் சூட்டில் நின்றால் காற்றோடு சேர்ந்து கெட்டிப்பட்டு, வாணலியின் வெளிப்புறத்தில் ஏறும் கறை போல இறுகிவிடும். ஓடிக்கொண்டே இருக்கும் இடத்தில் அது படிய நேரமில்லை. தேங்கும் இடத்தில்தான் படியும்.

அப்படியானால் இடப்பக்கம் முதலில் ஏன் தேங்கியது? மோல்ட் உட்காரும் ஆஸிலேட்டர் மேசையில் ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்த்தார்கள். மேசை வலப்பக்கம் சாய்ந்திருந்தது: 400 மி.மீ. அகலத்தில் 1 மி.மீ. கேட்டால் ஒன்றுமில்லாத அளவு. ஆனால் எண்ணெய் வாய்க்காலிலிருந்து வழிவது வெறும் ஈர்ப்பால். வழியும் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மோல்டின் 130 மி.மீ. அகலத்தில் மூன்றில் ஒரு மி.மீ. உயர வித்தியாசம் இருந்தால் எண்ணெய் தாழ்ந்த பக்கத்தைத் தேடிப் போகும். அதைத் தடுக்க அங்கே எந்த அழுத்தமும் இல்லை.

பராமரிப்பு வேலைத்தாள்களைப் புரட்டியபோது, முதல் புகார் வருவதற்குச் சற்று முன்பு நடந்த ஒரு நிறுத்தத்தில் இரண்டாம் ஸ்ட்ராண்டின் ஆஸிலேட்டர் பேரிங் மாற்றப்பட்டது தெரிந்தது. மாற்றியது எழுதப்பட்டிருந்தது. ஷிம் (மட்டம் சரிசெய்ய அடியில் செருகும் மெல்லிய தகடு) எவ்வளவு, மாற்றிய பின் மட்டம் எவ்வளவு என்பது எழுதப்படவில்லை. பில்லெட் அளவுகள் தர ஆய்வுப் பதிவேட்டில், பேரிங் மாற்றியது பராமரிப்புப் பதிவேட்டில். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அதுவரை யாரும் இல்லை.

இப்போது துப்பு பொருந்தியது. சரிந்த மேசையால் இடப்பக்கம் எண்ணெய் குறைந்தது. குறைந்ததால் தேங்கிக் காய்ந்து பிசினானது. பிசின் இடுக்கை அடைக்க எண்ணெய் இன்னும் குறைந்தது. புது மோல்ட் போட்டால் இடுக்கு சுத்தமாக இருப்பதால் சரிவையும் மீறிக் கொஞ்சம் எண்ணெய் இடப்பக்கம் வரும். சில ஹீட்டுகளில் பிசின் ஏறி மறுபடி அடைபடும். எண்ணெயை 60க்கு ஏற்றியதால் வலப்பக்கம்தான் இன்னும் நனைந்து குளிர்ந்தது. இரண்டு பக்கங்களுக்கும் வித்தியாசம் கூடியது, டயமண்டும் கூடியது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மேசை சரிந்தால் மோல்டின் அச்சும் கீழே உள்ள உருளைகளின் வளைவும் ஒத்துப்போகாது. அது தனியாகவே ஓட்டை ஒரு பக்கம் அழுத்தி வடிவத்தைக் கெடுக்கும். டயமண்டில் எவ்வளவு எண்ணெயால், எவ்வளவு சீரமைவுக் குறையால் என்று இந்த நிகழ்விலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ஒட்டிக் கிழிந்த ஓட்டுக்கு மட்டும் எண்ணெய்ப் பற்றாக்குறைதான் காரணம் என்பது என் கணிப்பு. அந்தத் தழும்புகளைச் சீரமைவுக் குறை விளக்காது.

பீப்பாயில் தண்ணீர்

பின்ஹோல் தனிக் கணக்கு. மூன்றாம் ஸ்ட்ராண்டில் கோளாறு ஏதும் இல்லாததால், ஒரு ஹீட்டுக்கு மட்டும் அதன் எண்ணெயையும் 60க்கு ஏற்றிப் பார்த்தார்கள். அங்கும் பின்ஹோல் வந்தது. ஆனால் எல்லா ஹீட்டுகளிலும் ஒரே அளவில் வரவில்லை. புதுப் பீப்பாய் திறந்த பிறகு வார்த்த ஹீட்டுகளில் கூடுதல்.

பீப்பாய்கள் திறந்த வெளியில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. மழைநீர் மேல்மூடியின் பள்ளத்தில் தேங்கும். பகலில் சூடாகும்போது பீப்பாய்க்குள் இருக்கும் காற்று விரிந்து மூடித்துளையின் ஓரமாக வெளியேறும். இரவில் சுருங்கும்போது காற்றுக்குப் பதிலாகத் தேங்கிய நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது என்று ஸ்டோர்ஸில் சொன்னார்கள். இருந்திருக்கும். இறுக்கமான மூடியும் இப்படிக் கசியும்.

ஆய்வகத்தில் கண்ணாடி அணிந்துகொண்டு, 160 டிகிரி சூட்டில் இருந்த தட்டில் எண்ணெயைச் சொட்டு விட்டார்கள். சில பீப்பாய்களின் எண்ணெய் அமைதியாகப் பரவியது. சிலவற்றின் எண்ணெய் படபடவென்று வெடித்துத் தெறித்தது. நீர் எண்ணெயைவிடக் கனமானது. பீப்பாயிலிருந்து தொட்டிக்கு மாற்றினால் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். புதுப் பீப்பாய்க்குப் பிறகு நிலைமை மோசமானது இதனால்தான்.

அந்த நீர் மோல்டில் நீராவியாகி எஃகோடு வினைபுரிந்தால் ஹைட்ரஜன் உருவாகி எஃகில் கரையும். திரவ எஃகு தாங்கும் ஹைட்ரஜனைத் திட எஃகு தாங்காது. உறையும்போது தள்ளப்படும் வாயு தோலுக்கு அடியில் துளையாக நிற்கும். நீரே இல்லாவிட்டாலும் அளவுக்கு மீறிய எண்ணெய் எஃகின் மட்டத்தில் குளம் கட்டிச் சிதைந்தால் இதே விளைவு வரலாம். இங்கே இரண்டும் சேர்ந்திருந்தன.

இரண்டாம் சுற்று முடிவுகள்

மேசையைச் சரிசெய்ய எந்திரத்தை நிறுத்த வேண்டும். உற்பத்தித் திட்டப்படி நிறுத்தம் சில நாள் தள்ளியிருந்தது. இரண்டாம் ஸ்ட்ராண்டை மட்டும் மூடலாமா என்று பேசினார்கள். இரண்டே ஸ்ட்ராண்டில் வார்த்தால் லேடில் காலியாக ஒன்றரை மடங்கு நேரமாகும், கடைசியில் எஃகு குளிர்ந்து நாசில் அடைக்கும். அதைச் சமாளிக்க இன்னும் சூடாக எஃகு கேட்க வேண்டும், அது மற்ற இரண்டு ஸ்ட்ராண்டுகளையும் ஆபத்தில் தள்ளும். அதனால் மூடவில்லை. வேகத்தை 2.4 மீட்டராகக் குறைத்து, ஒவ்வொரு தொடர் வார்ப்பு முடிந்ததும் எண்ணெய்த் தட்டைக் கழற்றிப் பிசினைச் சுரண்டி மாட்டினார்கள். தற்காலிக ஏற்பாடு என்ற அளவில் இது சரியான முடிவு. இந்தக் காலத்தில் பிரேக்அவுட் வரவில்லை.

நிறுத்தத்தின்போது மேசை ஷிம் வைத்து மட்டப்படுத்தப்பட்டது. மோல்டை உட்கார வைத்த பிறகு எண்ணெய்த் தட்டின் மேலேயே இரு திசைகளிலும் மட்டம் பார்த்தார்கள். மோல்ட் அச்சும் கீழ் உருளைகளும் வளைவு டெம்ப்ளேட்டில் சேர்த்துச் சரிபார்க்கப்பட்டன. கேஸ்கெட்டை (கசிவைத் தடுக்கும் அடைப்புத் தகடு) கையால் வெட்டும் வழக்கம் நின்றது. அதன் உள்விளிம்பு இடுக்குக்குள் நீட்டிக்கொண்டிருந்ததும் கண்டார்கள்.

எண்ணெயைக் குறைப்பதுதான் கடினமாக இருந்தது. பிரேக்அவுட்டை நேரில் பார்த்த ஆபரேட்டர்களிடம் போய் எண்ணெயைப் பாதியாக்குங்கள் என்றால் யார் கேட்பார்கள்? அவர்கள் தயக்கத்தில் தவறே இல்லை. கொட்டும் எஃகுக்கு அருகில் நிற்பவர்கள் அவர்கள். அதனால் ஷிஃப்டுக்கு 5 மி.லி. வீதம் இறக்குவது, ஒவ்வொரு படியிலும் மூலைவிட்டத்தை அளப்பது, இழுவை மோட்டாரின் மின்னோட்டத்தைக் கவனிப்பது என்று பேசி முடிவானது. ஓடு சுவரில் பிடித்தால் இழுவை மோட்டார் முள் துள்ளும். துள்ளினால் உடனே பழைய அளவுக்குப் போகலாம், யாரிடமும் கேட்க வேண்டாம் என்ற அதிகாரத்தையும் ஆபரேட்டருக்கே கொடுத்தார்கள். இந்தக் கடைசி ஏற்பாடு இல்லாமல் இது நடந்திருக்காது.

பீப்பாய்கள் கூரைக்கு அடியில் போயின. இடமில்லாதவற்றைப் படுக்க வைத்து, இரண்டு மூடித்துளைகளும் கிடைமட்டக் கோட்டில், உள்ளே எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருக்குமாறு திருப்பினார்கள். தொட்டியின் உறிஞ்சுகுழாயை அடியிலிருந்து உயர்த்தி, கீழே நீர் வடிக்கும் வால்வு வைத்தார்கள். திறக்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் சூட்டுத்தட்டுச் சோதனை.

விளைவு

மட்டப்படுத்திய பிறகு செய்த தாள் சோதனையில் நான்கு தாள்களும் ஏறக்குறைய ஒரே எடைக்கு வந்தன. எண்ணெய் 30 மி.லி.யில் நின்றது, கோளாறு தொடங்குவதற்கு முன் இருந்த 35ஐவிடவும் குறைவு. இழுவை மோட்டார் முள் எங்கும் துள்ளவில்லை. மோல்டுக்கு மேலே தீ நான்கு பக்கமும் தாழ்வாக ஓடியது. ஆரம்பத்தில் ஆபரேட்டர்களுக்கு அதுவே கலக்கமாக இருந்தது.

இரண்டாம் ஸ்ட்ராண்டின் மூலைவிட்ட வித்தியாசம் 3 மி.மீ.க்கு இறங்கி, மோல்ட் மாற்றும் வரை அங்கேயே நின்றது. வேகம் மறுபடி 2.8க்கு ஏறியது. நான் கவனித்த காலத்தில் ஓடு ஒட்டிக் கிழியும் வகை பிரேக்அவுட் அந்த ஸ்ட்ராண்டில் இல்லை. ஒன்றாம் ஸ்ட்ராண்டில் ஒரு பிரேக்அவுட் நடந்தது. கசடு ஓட்டில் சிக்கியதால், எண்ணெய்க்குத் தொடர்பில்லை.

பின்ஹோல் பெரிதும் குறைந்தது, முற்றிலும் போகவில்லை. எஞ்சியவை மூன்று ஸ்ட்ராண்டுகளிலும் ஒன்றாக வந்தன, சில ஹீட்டுகளில் மட்டும். அவை எஃகோடு வருபவை. உருக்குப் பிரிவு அதைத் தனியாகப் பார்த்து வருகிறது.

இனி மாற்ற வேண்டியவை

மோல்டை ஸ்ட்ராண்டில் ஏற்றுவதற்கு முன் மோல்ட் ஷாப்பிலும், ஏற்றிய பின் மேசையிலும் தாள் சோதனை இப்போது கட்டாயம். இரண்டு இடத்திலும் ஏன் என்றால், ஷாப்பில் சரியாக இருந்து மேசையில் கெட்டால் குறை மேசையில். இரண்டிலும் கெட்டிருந்தால் தட்டில். செலவு சில தாள்தான்.

ஆஸிலேட்டரைத் தொடும் எந்த வேலையும் மட்ட அளவு எழுதாமல் முடிந்ததாகக் கருதப்படாது. தீயைப் பதியும்போது எந்தப் பக்கம் என்று எழுத வேண்டும். பிரேக்அவுட் ஓடுகளைத் திசை குறித்து எடுத்து வைக்க வேண்டும்.

முதல் சுற்றில் வெப்பநிலை, மோல்ட், எண்ணெய் அளவு மூன்றும் சில நாட்களுக்குள் மாறின. மோல்ட் மாற்றியதும் டயமண்ட் குறைந்தபோது அது குழாயாலா குறைந்த வெப்பநிலையாலா என்று யாராலும் சொல்ல முடியாமல் போனது இதனால்தான். பிரேக்அவுட் நெருக்கடியில் ஒன்றொன்றாக மாற்று என்று சொல்வது எளிது, செய்வது கடினம். குறைந்தபட்சம் எதை எப்போது மாற்றினோம் என்பதாவது ஒரே தாளில் இருந்திருக்கலாம்.

மோல்டின் நான்கு சுவர்களிலும் தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) பொருத்தினால் பக்க வேறுபாடு வார்ப்பின்போதே தெரியும். ஒரு மோல்டில் மட்டும் பொருத்திப் பார்க்க ஒப்புதல் கிடைத்திருக்கிறது. பிசின் குறைவாகப் படியும் செயற்கை எஸ்டர் எண்ணெய் பற்றியும் பேச்சு உண்டு. அதை ஒரே ஸ்ட்ராண்டில், மட்டமும் இடுக்கும் அளந்து எழுதிய பிறகு மட்டுமே முயல்வது என்று முடிவாகியிருக்கிறது. எத்தனை ஹீட்டுக்கு ஒரு முறை தட்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் இரண்டு எண்ணெய்களையும் ஒப்பிடும் அளவுகோல்.